வயலில் கிடக்கும் ரவையும் வீட்டில் நிரப்பும் தோட்டாவும்: கல்முனைக் கரையோரம் தெரிந்திருக்க வேண்டியவை

போர் முடிந்த 2009இற்குப் பின்னர் பிறந்த பிள்ளைகள் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயதுக்கு வந்துவிட்டார்கள். துவக்குச் சத்தம் கேட்டு வளராத முதல் தலைமுறை அவர்கள். ஆனால் கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையோரத்திலும் அதற்கு மேற்கே உள்ள வயல் வட்டைகளிலும் பழைய ரவைகள் இன்னும் இருக்கலாம். வாய்க்கால் வெட்டும்போதோ, கிணறு தூர்வாரும்போதோ, பழைய வீட்டை இடிக்கும்போதோ ஒன்று கைக்கு வந்து சேரும். அப்போது இரண்டு பேராபத்துகள் எதிரே நிற்கின்றன. அது கையில் வெடிப்பது ஒன்று. அதை வைத்திருந்ததற்காகக் கைதாவது மற்றது.

கிடைத்த கோதையும் மருந்தையும் பயன்படுத்தி வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பழக்கமும் கிராமப்புறங்களில் இருந்து வருகிறது. பன்றியும் யானையும் வேளாண்மையை அழிக்கும்போது சிலர் இந்த வழியை நாடுகிறார்கள். அது ஏன் ஆளைக் கொல்லும் வேலை, சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது, பழைய ரவை கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

இவை எப்படி நம் மண்ணுக்கு வந்தன?

அம்பாறைக் கரையோரத்தில் எல்லாத் தரப்பும் ஆயுதம் ஏந்தியிருந்தது. 1990 ஜூன் 11ஆம் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சுற்றிவளைத்துக் கைப்பற்றினர். அங்கிருந்த ஆயுதங்களும் ரவைகளும் கைமாறின. சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றிய நாட்களில் தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். பலர் காணாமல் ஆக்கப்பட்டனர். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்.

அந்தக் காலத்தில் முஸ்லிம், சிங்களக் கிராமங்களில் ஊர்காவற்படையினருக்கு அரசாங்கம் துவக்குகளைக் கொடுத்தது. இந்த அமைப்பே 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றப்பட்டது. தெற்கே கஞ்சிகுடிச்சாறு காட்டில் புலிகளின் முகாம்கள் இருந்தன. 2007 ஜனவரியில் விசேட அதிரடிப்படை அவற்றைக் கைப்பற்றியது. முகாம்கள் கைவிடப்பட்டபோதும், காவலரண்கள் அகற்றப்பட்டபோதும், ஆட்கள் தப்பி ஓடியபோதும் புதைத்தவையும் எறிந்தவையும் தவறவிட்டவையும் அங்கங்கே கிடந்தன. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையோரத்தைப் புரட்டிப் போட்டது. நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் அம்பாறை. அந்த வெள்ளம் வீட்டுப் பொருட்களையும் மண்ணையும் இடம் மாற்றியது. ஆகவே "எங்கட பக்கம் சண்டை நடக்கவில்லை, இங்கே ஒன்றும் இருக்காது" என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒரு ரவைக்குள் என்ன இருக்கிறது?

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இது உதவும். ரவையோ வேட்டைத் துவக்கின் தோட்டாவோ நான்கு பாகங்களைக் கொண்டது. வெளியே பித்தளை, இரும்பு அல்லது பிளாஸ்டிக்கால் ஆன கோது. அடியில் சிறு பொட்டுப் போல இருக்கும் கெப்பு. உள்ளே மருந்து. முன்னே சன்னம், அல்லது தோட்டாவாயின் ஈய உருண்டைகள்.

இவற்றுள் மிகவும் கூச்சமுள்ளது கெப்பு. அடிபடுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. துவக்கின் ஊசி அடித்தால் வெடிப்பதைப் போலவே சுத்தியல் பட்டாலும், கல்லில் மோதினாலும், ஆணியால் குத்தினாலும் வெடிக்கக்கூடும். சன்னம் இல்லாத கோது வெற்றுக் கோதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே சுடாத கெப்பு இருக்கலாம். வெளியே பார்த்து அதைத் தீர்மானிக்க ஒரு பொதுமகனால் முடியாது.

"பழசு, நனைஞ்சது, இனி வெடிக்காது" என்பது நம்மிடையே உள்ள மிகப் பெரிய தவறான நம்பிக்கை. துவக்கு மருந்து காலப்போக்கில் தானாகச் சிதையும் இரசாயனப் பொருள். அந்தச் சிதைவைத் தடுக்க ஆலையில் சேர்க்கும் பொருள் ஆண்டுக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். நமது கரையோரத்தின் வெக்கையும் உப்புக் காற்றும் இதற்கு உதவி செய்கின்றன. பச்சைக் களிம்பு பிடித்த பித்தளை பலம் குன்றியது. இப்படிப்பட்ட ரவை சில வேளை வெடிக்காமல் போகலாம், சில வேளை எதிர்பாராத வேகத்தில் வெடிக்கலாம். எது எப்படி நடக்கும் என்று சொல்ல முடியாததுதான் அதன் ஆபத்து.

நெருப்பில் போட்டால் அழிந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. துவக்கின் குழலுக்குள் இல்லாமல் நெருப்பில் வெடிக்கும் ரவையின் கோது சிதறி, அதன் துண்டுகள் கண்ணையும் முகத்தையும் தாக்கும். குப்பை எரிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்களே.

கையால் நிரப்புவது ஏன் உயிரைப் பணயம் வைப்பது?

அமெரிக்கா போன்ற சில நாடுகளில் தோட்டாக்களை மீள நிரப்புவது சட்டபூர்வமான பொழுதுபோக்கு. அங்கே ஒவ்வொரு வகை மருந்துக்கும் ஒவ்வொரு வகைத் துவக்குக்கும் பரிசோதித்து வெளியிட்ட அளவுகளை வைத்துக்கொண்டு, ஆலைகளில் செய்த பாகங்களைக் கொண்டு அதைச் செய்கிறார்கள். அப்படியிருந்தும் துவக்குகள் வெடித்து விரல்களை இழந்தவர்கள் அங்கும் இருக்கிறார்கள். நம்மிடையே அது நடக்கும் விதம் வேறு. மருந்து எது, எங்கிருந்து வந்தது, எத்தனை வருடம் பழையது என்று தெரியாது. குழல் தண்ணீர்க் குழாயாகவும் இருக்கலாம்.

அழுத்தக் கணக்கைப் பார்த்தால் விடயம் விளங்கும். காரின் ரயரில் உள்ள அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 12 போர் வேட்டைத் துவக்கில் ஒரு தோட்டா வெடிக்கும்போது அது சில நூறு மடங்காகிறது. போர்க்காலத்தில் எல்லோரும் அறிந்த ரி-56 துப்பாக்கியின் ரவையில் அது மூவாயிரம் மடங்கைத் தாண்டுகிறது. ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றில் போட்டால், அல்லது அளவு சற்றுக் கூடினால், குழல் பிளந்து பின்னால் வெடிக்கும். பின்னால் இருப்பது சுடுபவரின் கன்னமும் கண்ணும் கையும். ரவையைக் கழற்றி மருந்தை எடுக்கும் வேலையிலும் விபத்து நேரும். அதற்கு ஓர் உரசலே போதும்.

கட்டுத்துவக்கும் பன்றி வெடியும்

பயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயமான கவலையில்தான் பலர் இந்த வழிக்கு வருகிறார்கள். அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் சம்மாந்துறை, நிந்தவூர், சாய்ந்தமருது வட்டைகள் வரை வந்து போவதை இப்பகுதி மக்கள் அறிவார்கள். ஒரு போகத்தின் உழைப்பு ஓர் இரவில் போய்விடும். கடன்பட்டு விதைத்தவர் காவல் பரணில் விழித்திருக்கும்போது எதையாவது செய்யத் தோன்றுவது இயற்கை.

ஆனால் கட்டுத்துவக்கு மிருகத்தையும் மனிதனையும் பிரித்தறியாது. கம்பியில் கால் இடறியதும் அது வெடிக்கும். பன்றியின் உயரத்துக்கு வைத்திருப்பதால் அதில் சிக்கும் மனிதருக்கு முழங்காலிலும் அதற்குக் கீழும் காயம் ஏற்படுகிறது. எலும்பு நொறுங்கி காலையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களும், மாடு தேடிப் போகிறவர்களும், சில வேளை அதைக் கட்டியவரின் உறவினர்களுமே அதில் மாட்டுகிறார்கள்.

ஹக்கபட்டாஸ் எனப்படும் பன்றி வெடி உணவுக்குள் மறைத்து வைக்கப்படுகிறது. பன்றிக்கு வைப்பதை யானைக் குட்டி கடிக்கிறது. தாடை சிதைந்த யானை உணவு உண்ண முடியாமல் பல நாள் துன்பப்பட்டுச் சாகிறது. 2023இல் இலங்கையில் 470க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றின் மரணத்துக்கான முக்கிய காரணங்களில் துவக்குச் சூடும் இந்த வெடியும் அடங்கும். அந்த வெடியைச் செய்யும்போதே கையை இழப்பவர்களும் உண்டு. கடலில் டைனமைட் வைத்து மீன் பிடிப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் அதைத் தடை செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் வீட்டில் தோட்டா நிரப்புவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. இது சம்பந்தமாகப் பல சட்டங்கள் ஒன்றாகப் பாய்கின்றன.

சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். துவக்கு வைத்திருப்பதற்கும் செய்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1996ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கிகள் தொடர்பான குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம்.

1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின்படி மருந்து, கெப்பு, டெற்றனேற்றர், வோட்டர் ஜெல் போன்றவற்றை அனுமதியின்றிச் செய்வதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். 1966ஆம் ஆண்டின் தாக்குதல் ஆயுதங்கள் சட்டம் குண்டுகளைப் பற்றியது.

இவற்றுக்கு மேலாக நிற்பது 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் கீழ், நீதிமன்றில் வழக்குத் தொடராமலேயே அமைச்சரின் உத்தரவில் ஒருவரைத் தடுத்து வைக்கலாம். அந்தக் காலத்தின் உச்ச எல்லை முன்னர் 18 மாதங்களாக இருந்து, 2022இன் திருத்தத்தால் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பன்றிக்கு என்று நிரப்பிய தோட்டா ஒன்று பிடிபட்டால், அது பன்றிக்குத்தான் என்று நிரூபிக்கும் பாரம் நடைமுறையில் நம் தலையில் விழும்.

சட்டபூர்வமான வழியும் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கு கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் ஊடாக மாவட்டச் செயலாளரிடம் விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தகப்பனின் பேரில் இருந்த துவக்கு அவர் மௌத்தான பின்னர் தானாகப் பிள்ளைக்கு உரித்தாகாது. இதை அறியாமல் அலுமாரியில் வைத்திருப்பவர்கள் உடனே பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

2019 விட்டுச் சென்ற பயம்

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து ஐந்தாம் நாள், ஏப்ரல் 26ஆம் திகதி, சம்மாந்துறையில் ஒரு வீட்டிலிருந்து 150 ஜெலிக்னைட் குச்சிகளும் ஓர் இலட்சம் சிறு உலோக உருண்டைகளும் கைப்பற்றப்பட்டதாக இராணுவம் அறிவித்தது. அன்றிரவே சாய்ந்தமருதில் வேறொரு வீட்டைப் படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்தனர். சிறுவர்கள் ஆறு பேர் உட்படக் குறைந்தது 15 பேர் அங்கு இறந்தனர். புதிதாகக் குடிவந்தவர்கள் மீது சந்தேகப்பட்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்களே. இதை அடிக்கடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

அதன் பின்னர் வீடு வீடாகத் தேடுதல் நடந்தது. மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு அறிவிக்கப்பட்டது. ஒப்படைத்தால் கைது செய்வார்களோ என்ற பயம் முஸ்லிம் ஊர்களில் பரவியது. தமிழ் ஊர்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல. 1980கள் முதல் ஒரு வெற்றுக் கோதுக்காகக்கூட பிள்ளைகளை விசாரணைக்கு அனுப்பிய வீடுகள் அங்கே உண்டு. இரு சமூகங்களுக்கும் அரசியலில் ஆயிரம் பிணக்கு இருக்கலாம். இந்த ஒரு பயம் இருவருக்கும் பொது.

அந்தப் பயத்தில் மக்கள் செய்வது என்ன? கண்டதை ஆற்றிலோ வாய்க்காலிலோ தோணாவிலோ எறிகிறார்கள். அல்லது வேறொருவர் காணியில் புதைக்கிறார்கள். தோணா வெட்டும் தொழிலாளியும், அங்கே மீன் பிடிக்கும் சிறுவனும், அடுத்த காணிக்காரரும் அந்த ஆபத்தைச் சுமக்கிறார்கள். எறிவது ஒப்படைப்பதாகாது.

இவற்றை ஒப்படைக்க அரசாங்கங்கள் இடையிடையே வழி திறந்திருக்கின்றன. 2005 ஜூலையில் கொழும்பில் சுமார் 35,000 துப்பாக்கிகள் பகிரங்கமாக அழிக்கப்பட்டன. 2020 பெப்ரவரியில் சட்டவிரோதத் துப்பாக்கிகளை ஒப்படைக்க ஒரு வாரப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. இப்படியான அறிவித்தல் வரும்போது பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகளில் அதைத் தமிழில் தெளிவாகச் சொல்வது ஊர்த் தலைவர்களின் கடமை.

கண்டால் என்ன செய்வது?

1. தொடாதீர்கள், உதைக்காதீர்கள், கல்லெறியாதீர்கள். ஒன்று கிடந்த இடத்தில் இன்னும் பல இருக்கலாம். நின்ற இடத்தில் நின்று, வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள்.

2. தூரத்தில் நின்று, பாதையில் கொப்போ கல்லோ வைத்து அடையாளமிடுங்கள். மண்ணில் தடி அறைய வேண்டாம். பக்கத்தில் நின்று தொலைபேசியில் பேச வேண்டாம். விலகிய பின்னர் பேசுங்கள்.

3. சிறுவர்களையும் மாடுகளையும் அந்தப் பக்கம் போகவிடாதீர்கள். ஒருவரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போங்கள்.

4. பொலிஸ் அவசர இலக்கம் 119. தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் கிராம உத்தியோகத்தர், வட்டவிதானை, பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை ஆகியோரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டின் இலக்கம், நேரம், பதிவு செய்த உத்தியோகத்தரின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அதுவே உங்கள் சாட்சி.

5. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஒன்றை மோட்டார் சைக்கிளில் வைத்துப் பொலிசுக்குக் கொண்டுபோக வேண்டாம். வழியில் வெடிக்கலாம், சோதனைச் சாவடியில் பிடிபட்டால் விளக்கம் சொல்லவும் கடினம். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசி, அவர் ஊடாக அறிவித்து, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

6. யாராவது கைது செய்யப்பட்டால் காரணத்தைக் கேட்கும் உரிமை உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதன் அவசர இலக்கம் 1996. கல்முனையில் அதற்குப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வீட்டார் தாங்களாகவும் அறிவிக்கலாம்.

7. பழைய இரும்பு, பித்தளை வாங்குவோர் ரவைக் கோதுகளை எடுக்காமல் இருப்பது அவர்களுக்கும் ஊருக்கும் நல்லது. சில நூறு ரூபாய்க்காகச் சிறுவர்கள் அவற்றைத் தேடிப் போவதை நிறுத்த இதைவிட நல்ல வழி இல்லை.

வெடித்துவிட்டால்

இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் இறுக அழுத்திப் பிடியுங்கள். காயத்துக்குள் இருக்கும் துண்டுகளை இழுக்க வேண்டாம். கோப்பித்தூள், மஞ்சள் எதுவும் போட வேண்டாம். கண்ணில் காயம் என்றால் கண்ணை அழுத்தாமல் மூடி வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை இரண்டும் இருக்கின்றன.

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொலிசுக்குப் பயந்து "மெசினில் கை பட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. வெடிக்காயத்தில் உள்ளே புகுந்த துண்டுகளையும் மருந்தின் எரிகாயத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். பொய்யான காரணம் சிகிச்சையைத் தாமதிக்கும். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கை திரும்பி வராது.

கடைசியாக

போர்க்காலத்தில் துவக்கு காவல் என்று நினைத்த வீடுகள் தமிழர் பக்கமும் முஸ்லிம்கள் பக்கமும் இருந்தன. அந்த வீடுகள் எதை இழந்தன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இன்று வயலில் கிடக்கும் ரவையையும் கையால் நிரப்பும் தோட்டாவையும் யாரும் எதிரிக்கு எதிராகப் பயன்படுத்தப் போவதில்லை. அவை காயப்படுத்தப் போவது அதே வீட்டு ஆளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையையோதான். மக்கள் பயமின்றித் தகவல் சொல்லும் வழியை அதிகாரிகள் திறந்து வைக்க வேண்டும். அதுவரை, சாட்சியோடு போய்ச் சொல்லும் வழி நம் கையில் இருக்கிறது. வீட்டில் வைப்பதையும் வாய்க்காலில் எறிவதையும் விட அது பாதுகாப்பானது.